மலையில் நாற்பதைக் கடந்த ஆண்களும் டெஸ்டோஸ்டிரோனும்: ஊசிக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகவோ தோலில் பூசும் ஜெல்லாகவோ செலுத்தும் சிகிச்சையைப் பற்றி அண்மையில் வந்த செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோலத் தோன்றுகின்றன. இந்தச் சிகிச்சை மாரடைப்பையோ பக்கவாதத்தையோ கூட்டவில்லை என்று 2023-இல் வெளியான ‘டிராவர்ஸ்’ ஆய்வு தெரிவித்தது. அதன் அடிப்படையில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 பிப்ரவரியில், மருந்தின் விவரக்குறிப்பில் இருந்த இதயநோய் எச்சரிக்கையை நீக்கச் சொல்லிவிட்டு, வேறு ஆய்வுகளின் அடிப்படையில் ரத்த அழுத்தம் உயரலாம் என்ற புதிய எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. வயதாவதால் மட்டுமே ஹார்மோன் குறைந்தவர்களுக்கு இந்த மருந்தின் பயன் நிறுவப்படவில்லை என்ற வாசகத்தை மட்டும் அது அப்படியே வைத்துக்கொண்டது.

முதல் செய்தி உதகைக்கும் குன்னூருக்கும் கைப்பேசி வழியாக வந்து சேர்ந்துவிட்டது. கடைசி வாசகம் வந்து சேரவில்லை. சோர்வு, தொப்பை, எரிச்சல், தாம்பத்தியத்தில் நாட்டக்குறைவு ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே ஹார்மோன்தான் காரணம் என்றும், ஓர் ஊசியில் இருபது வயது குறைந்துவிடும் என்றும் சொல்லும் விளம்பரங்களே இன்று பலருக்கு முதல் ஆசிரியர்கள். அடிப்படையிலிருந்து தொடங்கி, மலைப்பகுதியில் வாழும் நடுவயது ஆண்களுக்கு இதில் உள்ள தனிப்பட்ட சிக்கல் வரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹார்மோன் சுரக்கும் முறை

டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் விரைகளில் சுரக்கிறது. ஆனால் அதற்கான உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. ஹைபோதாலமஸ் என்ற பகுதி, அதன் கீழே பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, எல்.ஹெச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விட்டு விரைகளை வேலை வாங்குகிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவுக்கு ஏறியதும் மூளை தன் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. இந்தச் சுழற்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் எளிதில் விளங்கும். முதலாவது, குறைபாடு விரையில் இருக்கலாம், அல்லது உத்தரவிடும் மூளைப் பகுதியில் இருக்கலாம். இரண்டாவது, வெளியிலிருந்து ஹார்மோனைச் செலுத்தினால் மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும். உடலின் சொந்தச் சுரப்பும் விந்தணு உற்பத்தியும் அதோடு படுத்துவிடும்.

ரத்தத்தில் உள்ள டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே கட்டற்று உலவுகிறது. மற்றது புரதங்களோடு பிணைந்திருக்கிறது. உடல் பருமனானவர்களிடம் இந்தப் பிணைப்புப் புரதங்களில் முக்கியமான ஒன்று குறைந்துவிடுவதால், மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் கட்டற்ற பகுதி சரியாகவே இருக்கக்கூடும். அறிக்கையில் உள்ள ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இது முதற்காரணம்.

வயதால் குறைவது எவ்வளவு?

முப்பதுகளின் இறுதியிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு என்ற மெதுவான வேகத்தில் அளவு குறைகிறது. பெண்களின் மாதவிடாய் நிற்பதைப்போல ஒரு குறிப்பிட்ட வயதில் சுரப்பு நின்றுவிடுவதில்லை. ஆகவே ‘ஆண்களின் மெனோபாஸ்’ என்ற விளம்பர வாசகம் உடலில் நடப்பதற்குப் பொருந்தாதது. எண்பது வயதிலும் இயல்பான அளவு கொண்ட ஆண்கள் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, உண்மையான பற்றாக்குறை எவ்வளவு அரிது என்பதைக் காட்டியது. குறைந்த அளவும் அதற்குரிய மூன்று பாலியல் அறிகுறிகளும் சேர்ந்திருந்தவர்கள் மொத்தத்தில் 2.1 விழுக்காட்டினர், நாற்பதுகளில் இருந்தவர்களில் 0.1 விழுக்காடு, எழுபதுகளில் 5.1 விழுக்காடு. அந்த மூன்று அறிகுறிகள்: காலையில் இயல்பாக ஏற்படும் விறைப்பு குறைதல், பாலியல் நாட்டம் குறைதல், உறவின்போது விறைப்பு நிலைக்காமை. சோர்வும் மனத்தளர்ச்சியும் இந்த ஹார்மோனோடு அவ்வளவு உறுதியாக இணையவில்லை. சர்க்கரை நோய் இளவயதிலேயே பரவலாக இருக்கும் நம் மக்களுக்கு அந்த விழுக்காடுகளை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் நாற்பது வயது ஆணின் சோர்வுக்கு வயதால் குறைந்த ஹார்மோன்தான் காரணம் என்று எடுத்த எடுப்பில் நம்புவதற்கு இடமில்லை என்பது தெளிவு.

அந்தச் சர்க்கரை நோயே இங்கு மையமான செய்தி. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைவாக இருக்கிறது. தொப்பை, குடிப்பழக்கம், ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை, நாட்பட்ட வலிக்குத் தரப்படும் ஓபியாய்டு மாத்திரைகள், மூச்சிரைப்புக்காக நெடுநாள் விழுங்கும் ஸ்டீராய்டு ஆகியவையும் அளவை இறக்குகின்றன. நடுவயதில் காணும் குறைவில் பெரும்பகுதி இப்படி வேறு நோயின் நிழலாக வருவது. நோயைச் சரிசெய்தால் அளவும் ஓரளவு ஏறும். எடையைக் குறைத்த ஆண்களிடம் மருந்தே இல்லாமல் டெஸ்டோஸ்டிரோன் உயர்ந்ததைப் பல ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன.

அளப்பதில் நேரும் பிழை

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து, பிற்பகலில் இறங்கும். சாப்பிட்டாலும், குறிப்பாக இனிப்புச் சேர்ந்தால், மேலும் இறங்கும். கோத்தகிரியைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து பரிசோதனைக்கு வரும் ஒருவரின் காலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை இறக்கிவிட்டு, கிடைத்த பேருந்தில் ஏறி, பஜாரில் இறங்கியதும் குளிருக்கு இதமாக ஒரு டீயும் இரண்டு வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு அவர் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை ஆகியிருக்கும். அப்போது எடுத்த ரத்தம் கோயம்புத்தூருக்குப் போய், மறுநாள் ‘குறைவு’ என்று சிவப்பு எழுத்தில் அறிக்கை வரும். அந்தச் சிவப்பு எழுத்தை நம்பி ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ளத் தொடங்குவது பெரும் பிழை.

முறையான அளவீட்டுக்கு உரிய விதிகள் இவை:

1. வெறும் வயிற்றில், காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே ரத்தம் கொடுக்க வேண்டும்.
2. காய்ச்சலோ வேறு கடும் நோயோ இருக்கும்போதும், அதிலிருந்து தேறிவரும்போதும் அளக்கக் கூடாது.
3. முதல் முடிவு குறைவாக இருந்தால் வேறொரு நாளில் மீண்டும் அளந்து உறுதிசெய்ய வேண்டும். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சங்கம் மேற்கோள் காட்டும் அளவில், ஆரோக்கியமான இளம் ஆண்களுக்கான கீழ்வரம்பு 264.
4. இரண்டு முறையும் குறைவு என்றால் எல்.ஹெச்., பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எல்.ஹெச். உயர்ந்திருந்தால் கோளாறு விரையில். குறைந்தோ இயல்பாகவோ இருந்தால் மூளைப் பக்கம்.

அறிகுறி இல்லாமல் எண் மட்டும் குறைந்திருந்தாலும், எண் சரியாக இருந்து அறிகுறி மட்டும் இருந்தாலும், அது டெஸ்டோஸ்டிரோன் பற்றாக்குறை ஆகாது.

ஆண்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

மருத்துவம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நடைமுறை ஏன் வேறாக இருக்கிறது? மலையில் பரவலாகக் காணும் மனப்போக்குகள் மூன்று. மூன்றுமே புரிந்துகொள்ளத் தக்கவை, மூன்றுமே ஆபத்தானவை.

முதலாவது, ‘வயசாயிடுச்சு, இனி என்ன’ என்று விட்டுவிடுவது. பிள்ளைகள் கல்யாண வயதில் நிற்கும்போது தன் தாம்பத்தியக் குறையை மருத்துவரிடம் சொல்வதே கூச்சமான காரியம் என்று எண்ணுபவர்கள் இவர்கள். மருத்துவரும் மருந்துக்கடைக்காரரும் முகம் தெரிந்தவர்களாக இருக்கும் சிறிய ஊரில் இந்தக் கூச்சம் இரட்டிப்பாகிறது. ‘உடம்புல பலமே இல்லை டாக்டர், ஒரு சத்து ஊசி போடுங்க’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். அவர் உண்மையில் சொல்ல வந்தது என்ன என்பதைக் கேட்டறிய, கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கும் நேரம் இருப்பதில்லை.

இந்த மௌனத்தின் விலை பெரிது. விறைப்புக் குறைபாட்டுக்கு நடுவயதில் மிகப் பொதுவான காரணம் ரத்தக்குழாய் அடைப்பே. டெஸ்டோஸ்டிரோன் அதற்கு அடுத்த வரிசையில்தான் வருகிறது. ஆண்குறிக்குச் செல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை என்பதால் கொழுப்புப் படிவின் விளைவு முதலில் அங்கேதான் தெரியும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டுவதை இதயநோய் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாற்பத்தைந்து வயதில் இந்தக் குறையைச் சொல்லி வருபவருக்கு முதலில் பார்க்க வேண்டியவை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயம் ஆகியவை. கூச்சத்தால் வாய் திறக்காத ஆண், உடல் தனக்குக் கொடுத்த முன்னறிவிப்பை இழக்கிறார். என் பார்வையில் இந்த விவகாரம் முழுவதிலும் மிகவும் வருந்தத் தக்க இழப்பு இதுவே.

இரண்டாவது, ரகசிய வைத்தியம். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு என்ற சுவரெழுத்துகளைப் பார்த்து, தெரிந்தவர் கண்ணில் படாமல் மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ இறங்கி, மாதத்தில் சில நாட்கள் மட்டும் லாட்ஜில் தங்கியிருக்கும் வைத்தியரைப் பார்த்துவிட்டு வருவது. பாலியல் திறனைப் பெருக்குவதாக மருந்தை விளம்பரப்படுத்துவதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடைசெய்கிறது. இருந்தும் விளம்பரங்கள் நின்றபாடில்லை. இவ்வகைப் பொடிகளிலும் லேகியங்களிலும் விறைப்புக்கான சில்டெனாஃபில், ஸ்டீராய்டு போன்ற ஆங்கில மருந்துகள் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் மருந்துச் சோதனைகள் கண்டுபிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் தெரியாமல் சில்டெனாஃபிலையும் விழுங்கினால், ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

மூன்றாவது, ஊசியின் மீதான நம்பிக்கை. இதன் வேர் ஆசை மட்டுமில்லை. கவாத்து வெட்டுவதும் கொழுந்து மூட்டையைச் சரிவில் சுமந்து ஏறுவதும் உடல் பலத்தைக் கேட்கும் வேலைகள்; பலம் குறைந்த ஆணுக்குக் கூலியும் குறையும், வீட்டில் அவர் சொல்லுக்கு இருக்கும் எடையும் குறையும் என்ற அச்சம் உண்மையானது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் ஊசியை நாடுகிறவரைக் கேலி செய்வதால் பயனில்லை. அவர் எதைத் தேடுகிறாரோ அது அந்த ஊசியில் இருக்கிறதா என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

சிகிச்சை தருவதும் தராததும்

65 வயதைத் தாண்டிய, அளவு குறைந்த 790 ஆண்களிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2016, 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வுத் தொகுப்பில், பாலியல் நாட்டமும் செயல்பாடும் மிதமாக உயர்ந்தன, எலும்பின் அடர்த்தி கூடியது, ரத்தசோகை குறைந்தது. பலரும் எதிர்பார்க்கும் துடிப்பும் உற்சாகமும் ஒப்பீட்டுக்காக மருந்துச்சத்து இல்லாத போலி மருந்து பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1,007 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வு வேறொரு கேள்வியைக் கேட்டது. பெருத்த இடுப்பும் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த ரத்தமும் கொண்ட அந்த ஆண்கள் அனைவருக்கும் எடைகுறைப்புத் திட்டம் தரப்பட்டது. பாதிப்பேருக்குக் கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் போடப்பட்டது. ஈராண்டு முடிவில் சர்க்கரை நோய் இருந்தவர்கள் ஊசி பெற்றவர்களில் 12 விழுக்காடு, பெறாதவர்களில் 21 விழுக்காடு. நல்ல செய்திதான். ஆனால் ஊசி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினருக்கு ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது. மலைவாசிகளுக்கு இது ஏன் முக்கியம் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

முதலில் குறிப்பிட்ட ‘டிராவர்ஸ்’ ஆய்வில், இதயநோய் உள்ள அல்லது அதற்கான ஆபத்து மிகுந்த, 45 முதல் 80 வயது வரையிலான 5,200-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்றனர். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை சேர்ந்து மருந்து பெற்றவர்களில் 7.0, பெறாதவர்களில் 7.3 விழுக்காடு. ஆனால் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப்போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் 3.5-க்கு 2.4 என்று மருந்து பெற்றவர்களிடம் கூடியது. நுரையீரல் ரத்தக்கட்டு 0.9-க்கு 0.5 என்றும் கூடியது. எலும்பு அடர்த்தியைக் கூட்டும் மருந்தாயிற்றே, எலும்பு முறிவைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. முறிவுகள் மருந்து பெற்றவர்களிடமே சற்று அதிகம். மேலும், இரண்டு காலை அளவீடுகளில் 300-க்குக் கீழே இருந்தவர்களே இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். இயல்பான அளவு கொண்டவர் வலுவுக்காகப் போட்டுக்கொள்ளும் ஊசிக்கு இந்த ஆய்வு நற்சான்று ஆகாது.

சிறுநீர்ப்பையின் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் குறித்த அச்சத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் பரவிய புராஸ்டேட் புற்றுநோய் சுருங்குவதை 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். அப்பணிக்கு 1966-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று புற்றுநோய் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் ரத்தப் பரிசோதனை செய்து தேர்ந்தெடுத்த ஆண்களிடம் ‘டிராவர்ஸ்’ ஆய்வில் தீவிர புராஸ்டேட் புற்றுநோய் கூடவில்லை. பரிசோதித்துத் தொடங்குவதே இங்கு பாதுகாப்பு.

குழந்தைப்பேறு பற்றிப் பல ஆண்களுக்குத் தெரிவதே இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாராந்திர டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து 1990-இல் முடிவை வெளியிட்டது. பெரும்பான்மையோருக்கு விந்தணு முற்றிலும் மறைந்தது. தாமதமாக மணமுடித்துக் குழந்தைக்குக் காத்திருக்கும் நாற்பது வயதுக்காரர், ஆண்மையைக் கூட்டும் என்று நம்பி இந்த ஊசியைப் போட்டுக்கொள்வது தன் ஆசைக்குத் தானே குறுக்கே நிற்பதாகும். ஊசியை நிறுத்திய பிறகு விந்தணு திரும்புவதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

உயரத்தில் வாழ்பவர்களுக்கான தனிக் கவனம்

உதகை கடல்மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். உதகையில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவு. இதை ஈடுகட்ட, சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து கூடுதல் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. டெஸ்டோஸ்டிரோனும் எரித்ரோபாய்ட்டினைத் தூண்டி, இரும்புச்சத்தைத் தடுத்து வைக்கும் ஹெப்சிடினைக் குறைத்து, சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. மலையும் மருந்தும் ஒரே திசையில் தள்ளுகின்றன.

ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு என்பது ரத்த அறிக்கையில் பி.சி.வி. அல்லது ஹீமட்டோகிரிட் என்ற பெயரில் இருக்கும். சிகிச்சையின்போது அது 54 விழுக்காட்டைத் தாண்டினால் மருந்தை நிறுத்த வேண்டும் என்பது விதி. தொடங்கும் முன்பே 48-க்கு மேல் இருந்தால் காரணத்தை ஆராயச் சொல்லும் எண்டோகிரைன் சங்கத்தின் வழிகாட்டி, உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு அந்த எல்லையை 50 என்று தனியே குறித்திருக்கிறது. அந்த 50-க்கும் 54-க்கும் இடையே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் குறுகியகால ஊசிகள் ஹார்மோனை உச்சத்துக்கு ஏற்றி இறக்குவதால், ஜெல்லைவிட அவையே ரத்தத்தை அதிகம் கெட்டியாக்குகின்றன. விலை குறைவு என்பதால் நம் ஊர்களில் எளிதில் கிடைப்பவையும் அவையே.

மலைவாசிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுவோர்:

1. உரத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் உள்ளவர்கள். உறக்க மூச்சுத்தடையே ஆக்சிஜனைக் குறைக்கிறது; உயரம் அதை மேலும் குறைக்கிறது; சிகிச்சை பெறாத மூச்சுத்தடையை டெஸ்டோஸ்டிரோன் தீவிரமாக்கவும் கூடும்.
2. புகைபிடிப்பவர்கள். புகையும் சிவப்பணுக்களைப் பெருக்குகிறது.
3. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே காணப்படும், சிவப்பணுக்கள் அரிவாள்போல வளையும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் உள்ளவர்கள். இவர்கள் ரத்தவியல் ஆலோசனை இல்லாமல் இந்த ஹார்மோனைத் தொடவே கூடாது.
4. ‘குளிருக்கு’ என்று தினமும் குடிப்பவர்கள். மது விரையின் செல்களையே நேரடியாகத் தாக்குகிறது. இவர்களுக்கு முதல் சிகிச்சை குடியை விடுவதே.

சிகிச்சை தொடங்கியவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் ஹீமட்டோகிரிட்டை அளந்து, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். ஜெல் பூசுபவர்கள் கையைக் கழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூட வேண்டும். ஒரே கம்பளிக்குள் உறங்கும் குழந்தையின் தோலுக்கு அது தொற்றினால் பருவத்துக்கு முந்திய மாற்றங்கள் தோன்றும்.

சிகிச்சை கட்டாயம் தேவைப்படுவோர்

இத்தனை எச்சரிக்கைகளைக் கேட்டு, உண்மையில் தேவைப்படுவோர் பின்வாங்கிவிடக் கூடாது. குரோமோசோம் மாற்றத்தால் வரும் கிளைன்ஃபெல்டர் நிலை ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது. பலர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். பொன்னுக்குவீங்கி விரையைத் தாக்கிச் சுரப்பை இழந்தவர்கள், விபத்திலோ அறுவையிலோ விரைகளை இழந்தவர்கள், கதிர்வீச்சுச் சிகிச்சையால் விரையின் சுரப்பை இழந்தவர்கள் ஆகியோருக்கு டெஸ்டோஸ்டிரோன் இன்சுலினைப்போல அடிப்படைத் தேவை. இவர்கள் கூச்சத்தால் அதைப் பாதியில் விட்டால் எலும்பு தேய்ந்து, இரும்புச்சத்துக்கு வசப்படாத ரத்தசோகை தொடரும்.

பிட்யூட்டரிக் கட்டியால் அளவு குறைந்தவர்களின் நிலை வேறு. தலைவலி, பக்கப் பார்வை மங்குதல், மார்பில் பால்போன்ற கசிவு ஆகியவற்றோடு டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருந்தால், புரோலாக்டின் அளவையும் மூளையின் எம்.ஆர்.ஐ. படத்தையும் உடனே பார்க்க வேண்டும். இதற்கான மேல்சிகிச்சைக்குக் கோவை வரை இறங்க நேர்ந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. புரோலாக்டினைச் சுரக்கும் கட்டியாக இருந்தால், கேபர்கோலின் என்ற மாத்திரையே பெரும்பாலோரிடம் கட்டியைச் சுருக்கிவிடும். பலருக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஒன்றுகூடத் தேவைப்படாமல் சுரப்பும் தானாக மீளும்.